ஆரஞ்சில் ஆரம்பித்து காப்பியில் முடியும்

எச்சரிக்கை: இது கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கு.

ஏற்காட்டில் எங்க வீட்டுக்குக் கீழே சரிவில், சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி, காப்பிக்கொட்டை அடுக்குற பழைய ரூம் ஒண்ணு உண்டு. அக்கா பொண்ணு அங்கேதான் உட்கார்ந்து படிப்பா. அவளுக்கு ஆன்லைன் இண்டர்வியூ வந்துச்சு. வைஃபை அந்தக் கல் சுவர்கிட்ட தோத்துப் போச்சு. கேபிள் இழுத்துட வேண்டியதுதான்னு சேலம் இறங்கி 40 மீட்டர் கேபிள், ஆர்ஜே 45 கனெக்டர், கிரிம்பிங் டூல், டெஸ்டர் எல்லாம் வாங்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன்.

உறையை உரிச்சா எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொண்ணுக்கும் துணையா ஒரு வெள்ளைக் கம்பி. ஜோடி ஜோடியா வரிசையா அடுக்கி அமுக்கினேன். மறுமுனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு டக் டக்னு எரிஞ்சுது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஆனா நெட் வரும், போகும். வீடியோவில் முகம் பாதியில் உறைஞ்சு நிக்கும். கம்ப்ளெய்ண்ட் பண்ணேன். கொட்டுற மழையில் ஒரு பையன் பைக்கில் வந்தான். பார்த்துட்டு, "மேல நல்லா வருதுங்க சார். உங்க கேபிளை ஒருக்கா பாருங்க"ன்னான்.

"டெஸ்டர்ல எட்டும் எரியுது தம்பி. எனக்கே பாடம் எடுக்கறியா?"ன்னு கத்திட்டேன். பதில் பேசாம நனைஞ்சுக்கிட்டே போயிட்டான்.

ராத்திரி தூக்கம் வராம நோண்டினப்பதான் விஷயம் புரிஞ்சுது. கம்பிகளை அழகுக்காக முறுக்கலை. 1881லேயே கிரஹாம் பெல் பேடண்ட் வாங்கின யோசனை அது. முறுக்கின ரெண்டு கம்பியிலும் சிக்னல் எதிரெதிரா போகும். வெளி இரைச்சல் ரெண்டு மேலயும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழும். மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் கழிஞ்சு போயிடும்.

கனெக்டரில் 1, 2 ஒரு ஜோடி. ஆனா அடுத்த ஜோடி 3, 4 இல்லை, 3ம் 6ம்! நடுவுல இருக்கிற 4, 5 தனி ஜோடி. டெலிபோன் லைன் நடு ரெண்டு கம்பியில் வந்த பழைய பழக்கத்தோட மிச்சம் அது. என் வரிசையில் 3ல வெள்ளைப்பச்சை, 6ல நீலம். வேற வேற முறுக்கு, அதனால ஒண்ணோட இரைச்சல் இன்னொண்ணுக்குத் தாவுது. சின்ன கேபிள்ல ஓடியிருக்கலாம், 40 மீட்டர்ல குட்டு வெளிப்பட்டுடுச்சு. டெஸ்டருக்குத் தெரிஞ்சதெல்லாம் கம்பி அறுந்திருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான்.

ரெண்டு முனையையும் வெட்டித் திரும்பப் போட்டேன். கிளிப் பின்பக்கம், தங்கப் பற்கள் மேலே இருக்கிற மாதிரி பிடிச்சா இடமிருந்து வரிசை: வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு. ஆரஞ்சில் ஆரம்பிச்சு காப்பிக் கலரில் முடியுது, நம்ம ஊர்க்காரனுக்கு மறக்கவே மறக்காது! முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க. வெளி உறையும் கனெக்டருக்குள்ள போய் உட்காரணும், இல்லாட்டி இழுத்தா கம்பி கழண்டு வந்துடும்.

இண்டர்வியூ ஒரு தடவை கூட உறையலை. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கோம்.

அந்தப் பையனுக்குப் போன் போட்டு, "தப்பு என்மேலதான் தம்பி, மன்னிச்சுக்கோ"ன்னேன்.

"பரவால்லைங்க சார், தெனமும் யாராச்சும் இப்படித்தான் பேசுவாங்க"ன்னான்.

கத்தியிருந்தா கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

டிஸ்கி: ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வெளியில போற செம்புக் கேபிள், இடி மின்னலுக்குப் போட்டுக் குடுத்த ரோடு. ஃபைபர்தான் நல்லது. அதுவரைக்கும் கோடை மழையில் ரெண்டு பக்கமும் கழட்டிப் போட்டுடறேன்.