வாசற்படித் தூதர்

ஆட்சி தலைநகரில் தொடங்கினாலும், அது மக்களை நேர்முகமாகச் சந்திக்கும் இடம் வீட்டு வாசற்படியே ஆகும். குப்பை அள்ளுதல், கால்வாய்களைத் துப்புரவாக வைத்தல், கொசு ஒழித்தல் முதலிய பணிகளை ஊராட்சி மன்றங்கள் ஏற்று நடத்துகின்றன. இவற்றுள் கொசு ஒழிப்பு, வீட்டாரின் மனமொப்பிய துணையின்றி நிறைவேறாத பணி. அத்துணையைத் தேடித் தருபவர் இருமொழி அறிந்த சுகாதாரப் பணியாளர். அவர்தம் தொண்டு பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இதன் அருமையை உணரக் கிள்ளான் நகரின் வரலாறு துணைபுரியும். 1901ஆம் ஆண்டில் அந்நகரும், அதே ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் புதிய துறைமுகமும் மலேரியாவால் நிலைகுலைந்தன. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியச் செய்ய வேண்டும் என வற்புறுத்தினார். வடிகால்கள் வெட்டப்பட்டன, நோயும் தணிந்தது. அந்தக் கொசு ஊர்ப்புறச் சதுப்பில் வளர்ந்தமையால் மண்வெட்டியே பெரும்பணியைச் செய்து முடித்தது.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ மனிதரோடு குடியிருப்பது. பூச்சாடி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளியலறைத் தொட்டி, மூடியில்லாத பீப்பாய் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும், கலத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிர்தாங்கி நிற்கும். புகையடித்தால் பறக்கும் கொசு மடியுமேயன்றி நீரிலுள்ள புழு மடியாது. ஆதலின் வீட்டுக்குள் புகுந்து சோதிக்கவும், குற்றங்கண்டால் தண்டம் விதிக்கவும் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் வழிவகுத்துள்ளது. சட்டம் கதவைத் திறக்க வல்லது. மனத்தைத் திறக்கவோ மொழி வேண்டும்.

அடுக்குமாடி வீடொன்றின் மேல்தளத்தில் தனித்திருக்கும் மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். பணியாளர் கையிலுள்ள மலாய் அறிவிப்பில் 'ஜெந்திக்-ஜெந்திக்' என்னும் சொல் இருக்கிறது. அதனைக் 'கொசுவின் குடம்பி' என மொழிபெயர்த்தால் பிழையில்லை, பயனுமில்லை. அவர் கைவிளக்கின் ஒளியைப் பீப்பாய்க்குள் செலுத்துகிறார்.

"பாட்டி, கூத்தாடி நெளியுது பாருங்க. இதுதான் இறக்கை முளைச்சுக் கொசுவாகுது."

"அது நல்ல தண்ணியிலதானே தம்பி இருக்கும்?"

"ஆமாம் பாட்டி. இந்தக் கொசு நல்ல தண்ணியைத்தான் தேடி வரும்."

மூதாட்டி திகைக்கிறார். பிறகு தம் குறையைச் சொல்கிறார்: "பகல்ல தண்ணி மேலே ஏறாது தம்பி. ராத்திரி பிடிச்சு வைக்கலேன்னா காலையில சமையல் ஏது?"

இந்த ஒரு விடையில் பணியாளரின் கடமை இரண்டாகப் பிரிகிறது. பீப்பாயை இறுக மூடவும், வாரம் ஒருமுறை அதன் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும், பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் வீதம் 'அபேட்' மருந்து இடவும் மூதாட்டிக்குக் கற்பிப்பது முதற்கடமை. மேல்தளத்திற்கு நீர் எட்டவில்லை என்பதை மன்றத்திற்கு மலாயில் எழுதித் தெரிவிப்பது மற்றொன்று. மன்றத்தின் சொல்லை மக்களிடம் சேர்ப்பவர் பலர் உண்டு. மக்களின் சொல்லை மன்றத்திடம் சேர்ப்பவரே உண்மையான தூதர். அதனைச் செய்யாதவழி, மூதாட்டியின் தேவை அலுவலக ஏட்டில் அலட்சியம் எனப் பதிவாகிவிடும்.

சொல்லின் பொருளில் உயிரே அடங்கிய வேளையும் உண்டு. 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்பது தாயின் நெஞ்சில் பால்வார்க்கும் சொல். டிங்கியிலோ பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், காய்ச்சல் இறங்கும் அந்த வேளையே அபாயம் மிக்கது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்லீறில் குருதிக்கசிவு ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். "காய்ச்சல் விட்டாலும் கண்ணை எடுக்காதீங்க, அக்கா" என்று தாயின் மொழியில் உரைக்கப்படும் எச்சரிக்கை, அச்சிட்ட தாள்கள் நூற்றினும் மேலானது.

இத்தகைய பணியாளர் இல்லாத இடத்தில் அச்சுமை யார் தோளில் ஏறுகிறது? தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுமி, தாயின் நோயை மருத்துவரிடம் மலாயில் சொல்ல நேர்கிறது. சில நோய்களைத் தாய் மகளிடம் சொல்ல நாணுவாள்; சிலவற்றைச் சொன்னாலும் மகளுக்குப் பொருள் விளங்காது. அவ்விடத்தில் விடுபடும் ஒரு சொல்லால் மருத்துவமே தவறிப்போகலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிவோர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். அந்நான்காமவரை மற்ற மூவர்க்கும் இணையாக வைத்த அவரது நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது. தாய்மொழியையும் தேசிய மொழியையும் ஒருங்கே பயிலும் மாணவர், அக்கல்வியைத் தேர்வு மதிப்பெண்ணோடு முடித்துக்கொள்ளற்க. மேல்தளத்து மூதாட்டி ஒருவர், தம் பீப்பாயின் கதையைக் கேட்டு உரிய இடத்தில் எடுத்துரைப்பாரை நோக்கிக் காத்திருக்கிறார்.