பெர்னார்டோ சசெட்டி: இரண்டு பியானோவில் ஒன்று

ஒரே மேடையில் இரண்டு பியானோ போடுவது கொஞ்சம் ஆபத்தான விஷயம். இருவரும் திறமையைக் காட்ட ஆரம்பித்தால் மிஞ்சுவது இரைச்சல்தான். எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். போர்ச்சுகலின் ஜாஸ் கலைஞர் பெர்னார்டோ சசெட்டிக்கு அது தெரிந்திருந்தது.

1970-ல் லிஸ்பனில் பிறந்தவர். ஒன்பது வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். 1990களில் லண்டனில் டிரம்பெட் கலைஞர் கை பார்க்கருடன் வாசித்தார். 2002-ல் வந்த 'நொக்டூர்னோ' ஆல்பத்தில் பாஸ் கார்லோஸ் பரெட்டோ, டிரம்ஸ் அலெக்ஸாண்டர் ஃப்ரசாவ். மூவரில் யாருக்கும் அவசரமே இல்லை.

தன்னைவிடப் பத்து வயது மூத்த மாரியோ லஜீன்யாவோடு 2003-ல் இரட்டை பியானோ ஆல்பம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு 'கிராண்டோலாஸ்'. 1974 ஏப்ரல் 25 அன்று நள்ளிரவு தாண்டி வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தது. ஜோசே அஃபோன்சோ பாடியது. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய ராணுவத்தினருக்கு அதுதான் சமிக்ஞை. அந்தப் புரட்சியின் முப்பதாவது ஆண்டுக்காக இருவரும் சேர்ந்து செய்த ஆல்பம் இது. நாடே மனப்பாடமாக அறிந்த பாட்டை வார்த்தையே இல்லாமல் வாசிக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

2005-ல் 'அலிஸ்' படத்துக்கு இசையமைத்தார். காணாமல்போன மகளை லிஸ்பன் தெருக்களில் தேடும் அப்பாவின் கதை. அங்கேயும் அழுது புலம்பாத இசை.

புகைப்படம் எடுப்பதிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். 2012 மே 10 அன்று கஷ்காய்ஷ் அருகே கின்ஷு கடற்கரைப் பாறைகளில் படமெடுக்கப் போனவர் தவறி விழுந்து இறந்தார். வயது 41.

அந்த இரட்டை பியானோ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். எது சசெட்டி, எது லஜீன்யா என்று பிரிப்பது கஷ்டம். அவர்கள் விரும்பியதும் அதுவாகத்தான் இருக்கும்.