குர்லாவுக்கு வந்த எபெரான்

அச்சில் வெளிவந்த கதையுலகம் ஒன்றைத் தம் மேசைக்குக் கொண்டுவருபவர் முதலில் செய்வது பெயர் மாற்றம். குர்லா கிழக்கில், நேரு நகரின் ஓர் அறையில், ஞாயிறு பிற்பகல்தோறும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் நடத்தும் இளைஞரும் அதையே செய்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினர் அவர். மேசையைச் சுற்றி ஐவர். தமிழ், மராத்தி, உருது மூன்றும் கலந்த பேச்சு. பகடையும் காகிதமும் பேச்சுமே இவ்வாட்டத்தின் கருவிகள். ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் அவ்வுலகத்து மாந்தராக நின்று, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள்.

அவர் தேர்ந்தது எபெரான். 2002இல் புதிய கதையுலகம் வேண்டி விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் நடத்திய போட்டிக்கு 11,000க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. தேர்வானது கீத் பேக்கருடையது, 2004இல் நூலாயிற்று. அவ்வுலகில் மந்திரம் என்பது முனிவர் கைவரம் அன்று, அன்றாடத் தொழில்நுட்பம். மின்னலின் விசையில் ரயில் ஓடுகிறது. ஷார்ன் என்னும் பெருநகரில் கோபுரங்களின் உச்சியில் செல்வரும், கீழ்த்தளங்களில் ஏழைகளும், அனைத்துக்கும் அடியில் உலைக்களங்களும் இருக்கின்றன.

குர்லாக்காரருக்கு இதில் அந்நியம் எதுவுமில்லை. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் குர்லா. மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். இப்பால் பழைய இரும்புக் கடைகளும் தகரக் கூரைகளும். ஷார்னின் மேல்தளம் அது, கீழ்த்தளம் இது என்று ஒரே மாலையில் வரைபடம் தயாராகிவிட்டது.

இவ்வளவு எளிதாகப் பொருந்துவது எதுவும் ஐயத்துக்குரியது. கீழ்த்தளத்தில் வாழ்வோருள் காப்ளின்களும் உண்டு. குட்டையானவர்கள், இழிவாகப் பார்க்கப்படுபவர்கள். வரைபடத்தைப் பார்த்த ஒருவர் சிரித்துக்கொண்டே, “அப்போ காப்ளின் யாரு, நாமளா?” என்று கேட்டார். சிரிப்பு அடங்கியபின் கேள்வி மட்டும் மேசைமேல் கிடந்தது.

விடை நூலிலேயே இருந்தது. எபெரானில் காப்ளின்கள் பிறவித் தீயோர் அல்லர். மனிதர் கடல் கடந்து வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே தகான் என்னும் பேரரசை ஆண்டவர்கள். ஷார்னின் கோபுரங்கள் எழுந்ததே அவர்களுடைய இடிபாடுகளின்மேல்தான். அப்படியானால் குர்லாவில் அவர்களுக்கு இணை, பிழைக்க வந்த தமிழரோ வடவரோ அல்லர். மும்பைக்கு முன்பே இங்கிருந்த கோலி மீனவர்களையே நினைக்க வேண்டும். ஊர்ப்பெயரே நண்டைக் குறிக்கும் ‘குர்லி’யிலிருந்து வந்தது என்பர். அவர் வரைபடத்தைக் கிழித்துவிட்டு, கீழ்த்தளத்தில் பெயரில்லாத சதுப்பு ஒன்றை மட்டும் வரைந்தார். காப்ளின் கிழவி ஒருத்தி அங்கே நண்டு பிடிக்கிறாள். கோபுரங்களின் பழைய பெயர்கள் அவளுக்கு மட்டும் தெரியும். அன்றுமுதல்தான் ஆட்டம் உயிர்பெற்றது.

தமிழில் இதற்கு முன்மாதிரி தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. முடிவில் ஊர்ப் பொட்டலில் மண்ணால் ஆன துரியோதனன் படுத்துக் கிடப்பான். அத்தினாபுரத்துக்கு யாரும் தங்கள் ஊர்ப்பெயரைச் சூட்டுவதில்லை; பொட்டல் குருக்ஷேத்திரமாகிவிடுகிறது, அவ்வளவே. வியாசரும் வில்லியும் அறியாத போத்துராஜா அங்கே அம்மனுக்குக் காவல் நிற்கிறார். இவ்வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இல் வந்த முதல் தொகுதிக்கு ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று துணைத்தலைப்பு இட்டார். பயணத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். நண்டு பிடிக்கும் கிழவி, ஒரு வகையில், குர்லாவின் போத்துராஜா.

(சொந்த உலகத்தையே படைத்துவிடலாமே என்பாரும் உண்டு. 2022இல் மிமி மொண்டல் வங்கத்தின் சாயலில் சங்கபூமியைப் படைத்து அதே நிறுவனத்தின் நூலில் இடம்பெறச் செய்தார். அது வேறு வகை உழைப்பு. அனைவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.)

கடினமான இடம் பிறகு வந்தது. எபெரானின் நடுவில் ஒரு பேரழிவு இருக்கிறது. நூறாண்டுப் போரின் இறுதியில், ஒரே நாளில், சைர் என்னும் நாடு அழிகிறது. எல்லை நெடுகச் சாம்பல்நிற மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. பிழைத்தவர்கள் ஷார்னில் அகதிகள். என்ன நடந்தது, யார் காரணம் என்பதை நூல்கள் சொல்வதில்லை. மறதியால் அன்று, அவ்விடை ஒவ்வொரு மேசைக்கும் உரியது என்று வேண்டுமென்றே விடப்பட்டது.

ஆட்டத்தை நடத்துபவருக்கு விடை உடனே தோன்றியது. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். மித்தி கரைகடந்து குர்லாவை மூழ்கடித்த நாள். ஒடுக்கப்பட்ட ஆறு, அதன்மேல் எழுந்த கட்டடங்கள், கடலேற்றம், சாக்கடை. காரணங்களைத் துப்புகளாகச் சிதறவிட்டால் ஆறு மாத ஆட்டம் தயார். குறிப்பேட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினார். சைரின் மூடுபனி மித்தியின் நீராயிற்று.

ஐவரில் ஒரு பெண்ணின் குடும்பம் அன்று ஆற்றங்கரையில் குடியிருந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது. முதல் துப்பு மேசைக்கு வந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போனபின் சொன்னாள்:

“அண்ணே, இதுக்கு யார் காரணம்னு நாங்க கண்டுபிடிச்சா, அவன் சாவானா?”

“கதையில சாவான்.”

“அப்புறம் நான் வீட்டுக்குப் போய் எங்க அம்மா முகத்தப் பாக்கணும்ல.”

அவர் மறுமொழி சொல்லவில்லை. மேசையில் ஒருவரின் துயரத்தைப் புதிராக்கினால், அவிழ்த்தவர்களுக்கு வெற்றி கிடைக்கும். துயரம் கொண்டவருக்கு எதுவும் கிடைக்காது. பேக்கர் விட்டுச்சென்ற வெற்றிடம் நிரப்புவதற்கான அழைப்பு என்றே அவர் அதுவரை கொண்டிருந்தார். நிரப்பாமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்பதை நூல் எங்கும் சொல்லவில்லை; நான்கு வயதில் தகரக் கூரைமேல் ஓரிரவு அமர்ந்திருந்தவள் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பக்கங்களும் வரவில்லை. சைரின் மூடுபனி மீண்டும் மூடுபனியாயிற்று. அவளே ஒரு வேண்டுகோள் வைத்தாள்: தன் பாத்திரம் சைரிலிருந்து தப்பி வந்தவளாக இருக்க வேண்டும், ஆனால் அந்த நாளைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் அவள் சமையல் பற்றிப் பேசுவாள். அவ்வாறே நடந்தது. காப்ளின் கிழவி நண்டு கொண்டுவந்தாள். சைர்க்காரி குழம்பு வைத்தாள். பகடை உருட்டச் சொன்னபோது இருபது விழுந்தது. குழம்பில் புளி சரியாக இருந்ததென்று ஐவரும் ஒத்துக்கொண்டார்கள்.