இரண்டாம் கோடு

பார்வைத் திருத்த அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்வியுடன் மூன்று மாதங்கள் கழிந்தன. கடந்த வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். இதே கேள்வியோடிருக்கும் ஆய்வு மாணவர்கள் சிலரேனும் இருப்பர் என்பதால், முடிவை எட்டிய வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் இரு கண்களும் மைனஸ் 7. கண்ணாடியைக் கழற்றினால் 14 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. நூலகத்தில் இது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. விழிஞ்ஞத்தில் தோன்றியது.

தமிழும் மலையாளமும் எளிதில் பிரித்துவிட முடியாதபடி கலந்து நிற்கும் விழிஞ்ஞத்து மீனவர் பேச்சை ஆவணப்படுத்துவதே என் முனைவர் பட்ட ஆய்வு. கடலடியில் இருக்கும் பாரை அவர்கள் கண்டடையும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையருகே ஓர் அடையாளமும் அதற்குப் பின்னே தொலைவில் ஒரு மலைமுகடும் நேர்கோட்டில் வரவேண்டும். அது ஒரு கோடு. வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் அவ்வாறே பொருந்தவேண்டும். அது இரண்டாம் கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார் இருக்கும்.

ஒரு நாள் முதிய மீனவர் ஒருவருடன் கடலுக்குச் சென்றிருந்தேன். உப்புநீர் தெறித்துக் கண்ணாடி முழுவதும் வெண்படலம். துடைக்கத் துடைக்க மேலும் மங்கியது. அவர் கலங்கரை விளக்கத்தையும் அதன் பின்னிருந்த மலையையும் சுட்டி, “மக்களே, ரெண்டும் ஒண்ணாச்சு, தெரியுதா?” என்று கேட்டார். “தெரியுது” என்றேன். தெரியவில்லை. அன்றைய குறிப்பேட்டில், நான் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதினேன். அறைக்குத் திரும்பி அந்த வரியை அடித்தபோதுதான் அறுவை சிகிச்சை என்ற எண்ணம் உறுதிப்பட்டது. கடல்நீர் படும் இடத்தில் கான்டாக்ட் லென்ஸ் அணிவது கிருமித்தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதால் அது எனக்கு மாற்றாகவில்லை.

அஞ்சவும் செய்தேன். அச்சத்தை மறைக்க என் துறையையே துணைக்கழைத்தேன். ‘திருத்தம்’ என்ற சொல்லே தவறு, வட்டார வழக்கைப் பிழையென்று கருதாத நாம் கண்ணை மட்டும் ஏன் திருத்தவேண்டும் என்று நண்பர்களிடம் வாதிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளைமொழி எவர் பார்வையையும் மறைப்பதில்லை. மைனஸ் 7 மறைக்கிறது.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். இச்சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1929-இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் கண்டறிந்த அந்தப் பண்பே இன்று கருவிழிப்படலத்தைச் செதுக்கப் பயன்படுகிறது.

பரிசோதனையில் என் கருவிழிப்படலத்தின் தடிமன் 498 மைக்ரான் என்று தெரிந்தது. சராசரி 540 அளவில் இருக்கும். லேசிக் முறையில் மேலே விலக்கப்படும் மெல்லிய மடல் 110 மைக்ரான். ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 எனக் கொண்டால், 7 பவருக்குச் செதுக்கவேண்டியது 98. எஞ்சுவது 290. 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 300-ஆவது வேண்டும் என்போரும் உண்டு. எஞ்சும் பகுதி வலுவிழந்தால், கண்ணின் உள்ளழுத்தத்தால் காலப்போக்கில் அது முன்னோக்கிப் புடைக்கக்கூடும். அதன்பின் கண்ணாடியாலும் முழுப்பார்வை திரும்பாமல் போகலாம்.

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: “கடைசி ஒரு வருஷத்துல பவர் மாறியிருக்கா?”

மாறியிருந்தது. ஓராண்டுக்கு முன் 6.25. பழைய சீட்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது; அவர் அதைப் பார்த்ததில்லை. உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. அதற்குள் செய்துகொண்டால்தான் செலவைச் சமாளிக்க இயலும். ‘இல்லை’ என்ற சொல் நாவின் நுனி வரை வந்தது. படகில் சொன்ன ‘தெரியுது’ நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னேன்.

பவர் நிலைபெறாத கண்ணில் இன்று செய்யும் திருத்தம் நாளை பொருந்தாமல் போகலாம். மெலிந்த படலத்தில் பவர் கூடிக்கொண்டே போவது வேறொரு நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்று அவர் விளக்கினார். ஓராண்டு கழித்துக் கருவிழியின் வடிவத்தை மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் ஒப்பிட்ட பிறகே எந்த முறை பொருந்தும், ஏதேனும் பொருந்துமா என்று சொல்ல இயலுமாம்.

ஒரே ஓர் அளவு ஒற்றைக் கோடுதான். காத்திருப்பதென்று முடிவு செய்தேன். அதுவரை, கண்ணாடியைக் கழுத்தோடு பிணைக்கும் ஒரு வார், மாற்றுக் கண்ணாடி ஒன்று, ஒரு குப்பி நன்னீர் ஆகியவற்றுடன் படகேறுகிறேன்.

சென்ற ஞாயிறு அந்த முதியவரைச் சந்தித்து, அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். “அது எனக்கு அப்பவே தெரியும் மக்களே” என்றார்.