நாலு பிளாட்டினம், ஒரு கறுப்புப் பெட்டி

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள கரையில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து படகைத் தள்ளிக்கொண்டுபோய், அலை உடைகிற இடத்தைத் தாண்டியாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுபோனால் படகின் மூக்கு திரும்பிவிடும். குறுக்கே கிடக்கும் படகை அடுத்த அலை கவிழ்த்துப் போடும். எஞ்சினைப் பற்றி இந்தக் கரையில் யார் பேசினாலும் வேகத்தைப் பற்றிக் கடைசியாகத்தான் பேசுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக பைபர் படகுகள் வந்து இறங்கின, கட்டுமரங்கள் குறைந்தன. இங்கே பெரும்பாலான படகுகளில் நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின் ஒன்றுதான் இருக்கும். டீசலுக்குப் பிளக் வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் எரியும். அதனால் பிளக் வைத்த எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அப்படி ஒருவரின் கொட்டகைக்குத்தான் போயிருந்தேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் புகைபோக்கி அங்கிருந்து தெரியும்.

வாசலில் நின்ற படகு குமரி மாவட்டத்திலிருந்து பழையதாக வாங்கி வந்தது. பின்பக்கம் இரண்டு வெளிப்பொருத்து எஞ்சின்கள். அந்தப் பக்கம் இது சகஜம், இங்கே வேடிக்கை பார்க்க ஆள் கூடுகிறது. இரண்டும் பழைய டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு பிளாட்டினம், அதாவது திறந்து மூடிப் பிளக்கில் பொறியைக் கிளப்பும் தொடுமுனை. ஆக நாலு பிளாட்டினம், நாலு கண்டன்சர். இதில் எது ஒன்று சோம்பினாலும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

“நாலையும் கழட்டிப் போட்டுட்டு சிடிஐ போட்டுக் குடுண்ணா” என்பது படகுக்காரரின் கோரிக்கை. சிடிஐ என்பது பிளாட்டினம் இல்லாமல் மின்னணு முறையில் பொறி தரும் பெட்டி.

மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். செங்கல்பட்டில் ஸ்கூட்டர் கடையில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தவர். “ஆர்எக்ஸ் 100 வந்தப்போ மேக்னெட்டைத் தெறந்து பாத்தா பிளாட்டினமே இல்ல சார். எவனோ திருடிட்டான்னு நெனச்சேன்” என்று சிரித்தார். 1985இல் வந்த, சிடிஐ வைத்த அந்த பைக்கில் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது கடலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

பிளாட்டினத்தின் இடைவெளி இந்த எஞ்சினில் சுமார் 0.35 மில்லிமீட்டர். கேமின் மேல் உரசும் அதன் பைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் பொறி தாமதமாக விழும். இழுவை குறையும், சூடு ஏறும். உப்புக் காற்று வேறு முனைகளில் பூத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்ப் புகைக்கரி பிளக்கில் படிந்துவிட்டால் மெலிந்த பொறி கரியின் வழியாகவே கசிந்துபோகும். சிடிஐ பெட்டி ஒரு கண்டன்சரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து, நொடிப்பொழுதில் காயிலுக்குள் கொட்டுகிறது. அங்கே அது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிறது. கசிய நேரம் கிடைப்பதில்லை, கரி பிடித்த பிளக்கும் பற்றிக்கொள்கிறது.

பெட்டியை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பிளைவீலுக்குள் காந்தங்கள் இருக்கும் இடமே வேறு. அதே எஞ்சினின் பிந்தைய மாடலிலிருந்து கழற்றிய பிளைவீல், காயில் தட்டு, பெட்டி மூன்றையும் சென்னை காசிமேட்டில் ஒரே செட்டாகத் தேடி வாங்கி வந்திருந்தார். பழைய பிளைவீலைப் புல்லர் வைத்து மெதுவாகக் கழற்றினார். சுத்தியலால் அடித்தால் காந்தம் விரிசல் விடும், தண்டும் கெடும். கூம்பு முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துணியால் துடைத்து, சாவி சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் புதியதை ஏற்றினார். பெட்டியின் எர்த் ஒயரை மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தைக் காட்டினார். சிடிஐ போட்ட பிறகு வருகிற பாதிப் புகார் இந்த ஒரு திருகில்தான் இருக்கிறது என்றார். இன்னொரு பாதி, எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சின் ஒயர். அது உப்பில் அரித்து எர்த் ஆகிவிட்டால் கரன்ட் வராது. முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பிறகு பெட்டியைக் குறை சொல்லுங்கள் என்பது அவர் கணக்கு. பொறி பார்க்கும்போது பெட்ரோல் டேங்கைக் கொட்டகைக்கு வெளியே வைக்கச் சொல்லிப் பையனை விரட்டினார். அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

வலது எஞ்சின் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். இடதைத் தொடவில்லை.

“அதுக்கும் போட்டுடுண்ணா, காசு தரேன்.”

“ஒரு சீசன் ஓடட்டும்ப்பா. பெட்டி செத்துச்சுன்னா செத்துச்சு. கெட்டியா அடைச்சி வச்சிருக்கான், தெறக்கவே முடியாது. பிளாட்டினம்னா நடுக்கடல்ல மூடியக் கழட்டி எமரித் தாள்ல ரெண்டு தேய் தேச்சா வூட்டுக்கு வந்துடலாம்.”

படகுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. பழைய காலத்து ஆள் என்று என்னிடம் முணுமுணுத்தார். எனக்கு மெக்கானிக் சொன்னதுதான் சரியென்று பட்டது. பிளாட்டினம் நாள்கணக்கில் முனகிவிட்டுத்தான் நிற்கும். சிடிஐ முன்னறிவிப்பு இல்லாமலே நின்றுவிடலாம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே வயதுள்ள இரண்டு பழைய பெட்டிகளைப் போட்டால் இரண்டும் ஒரே காரணத்துக்காகக் கெட வாய்ப்பிருக்கிறது. டேங்கும் ஒன்றாக இருந்து அதில் தண்ணீர் கலந்துவிட்டால், இரண்டு எஞ்சின் இருந்தும் ஒன்றுகூட இல்லாத கதைதான்.

இரட்டை எஞ்சின் படகு வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிடிஐக்கு மாறுங்கள், கயிறு இழுக்கும் கைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் முதலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அது ஒரு பருவம் தாங்கிய பிறகு மற்றதை மாற்றலாம். அப்போதும் சோதித்த பெட்டி ஒன்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்திருங்கள். இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனி டேங்க் வையுங்கள்.