புது கார்ப்பரேட்டர், பழைய புல்லட்: தாம்பரம் டு படப்பை ஒரு டியூனிங் பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை 5.30 மணி. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் டீக்கடைகளைத் தவிர எதுவும் திறக்கவில்லை. ஒரே ஒரு மெக்கானிக் ஷெட்டின் ஷட்டர் மட்டும் பாதி தூக்கியிருக்கிறது. உள்ளே 1980-களில் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போதைய பிள்ளைகளிடம் கொடுத்தால் முதல் சிக்னலிலேயே பிரேக்குக்குப் பதில் கியரை மிதித்துவிடுவார்கள்.

வண்டி அப்பாவுடையது. கொண்டுவந்திருப்பவர் மகன். பழைய கார்ப்பரேட்டரில் ஸ்லைடு தேய்ந்து, ஸ்லோ ஸ்பீடு நிற்காமல் போய்விட்டது. எழும்பூர் வரை மின்சார ரயிலில் போய், புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். மாட்டிய அன்றே பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் வண்டி இருமத் தொடங்கிவிட்டது. மெதுவாகப் போனால் பிரச்னை இல்லை. ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கினால் இழுவை செத்துவிடுகிறது.

"ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தியா தம்பி?"

"பார்த்தேண்ணே. போட்டா நல்லா இழுக்குது."

"அப்போ பெட்ரோல் பத்தல."

பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடும். அதில் வண்டி தேறினால், ஜெட் சின்னது என்று அர்த்தம். ஜெட் என்பது நடுவில் துளையுள்ள குட்டி பித்தளைத் திருகு. அதன் தலையில் பொறித்திருக்கும் எண் துளையின் அளவைச் சொல்லும். புது கார்ப்பரேட்டரின் பெட்டியில் வரும் ஜெட் பொதுவான ஒரு கணக்கில் போட்டது. எந்த வண்டி, என்ன சைலன்ஸர், எந்த ஏர் ஃபில்டர் என்று அதற்குத் தெரியாது. இதை அலட்சியம் செய்தால் இருமலோடு போகாது. பெட்ரோல் குறைந்த கலவையில் இன்ஜின் கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்தப் புல்லட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை போர் போட்டாயிற்று. இன்னொரு முறை சீஸ் ஆனால் செலவு எங்கே போய் நிற்குமோ என்பதுதான் மகனின் பயம். "வண்டிய வித்துடலாம்டா" என்று அப்பாவே ஒரு முறை சொல்லிவிட்டாராம்.

இன்றைய பெட்ரோலும் தன் பங்குக்கு விளையாடுகிறது. 2025-ல் இந்தியா 20 சதவிகித எத்தனால் கலப்பை எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே அளவு காற்றுக்கு இப்போது கூடுதல் எரிபொருள் தேவை. புது வண்டியில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இதைச் சரிக்கட்டும். 1980-களின் கார்ப்பரேட்டருக்கு ஏது கம்ப்யூட்டர்? ஜெட்டைத்தான் மாற்றியாக வேண்டும்.

துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்த ஷெட்டில் அது நடக்காது. குடைந்த பிறகு தலையில் இருக்கும் எண் பொய்யாகிவிடும், அடுத்து எதை நம்பி வேலை செய்வது? மெக்கானிக் ஒவ்வொரு எண்ணாகவே பெரிய ஜெட்டுக்கு ஏறுகிறார். முதலில் மெயின் ஜெட். அது முக்கால் முதல் முழு ஆக்ஸிலரேட்டர் வரைக்குமான சமாசாரம். நடு வேகத்துக்கு ஊசி. அதன் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். முதல்முறை கேட்பவருக்குத் தலைகீழாகத்தான் தோன்றும். ஸ்லோ ஸ்பீடுக்கு பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும்.

இதையெல்லாம் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி ரோடு இதற்குச் சரிவராது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு அங்கே எந்நேரமும் பேருந்துகள்தான். அதனால் மண்ணிவாக்கம் வழியாக வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, படப்பை பக்கம். விடியற்காலையில் அகலமான சாலை காலியாக நீள்கிறது.

இந்த வட்டாரத்தில் கார்ப்பரேட்டர் வெளியாள் அல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தோடு கார்ப்பரேட்டர் செய்த யூகால் நிறுவனம் இருக்கிறது. படப்பையைத் தாண்டினால் ஒரகடம். 2013-ல் ராயல் என்ஃபீல்டு அங்கே தொழிற்சாலை திறந்தபோது கார்ப்பரேட்டர் வைத்த வண்டிகளும் வெளிவந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் அதே சாலையில்தான் ஸ்க்ரூ டிரைவரும் பிளக் ஸ்பேனருமாக ஒரு பழைய புல்லட் நிற்கிறது!

முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்ச தூரம். கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம்கட்டுகிறார்கள். சூடு தாங்காமல் துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்கைக் கழற்றினால், இன்னும் வெள்ளை. அடுத்த ஜெட். மறுபடி ஓட்டம். லேசான பழுப்பு எட்டிப்பார்க்கிறது. ஊசியில் ஒரு காடி. மூன்றாவது முறை பிளக்கைப் பார்த்ததும் மெக்கானிக் எதுவும் பேசாமல் மகனிடம் நீட்டுகிறார். காபித்தூள் நிறம்.

"ஏற்காட்டுக்குப் போகணும்னு அப்பா சொல்லிட்டே இருக்கார்ணே. அங்கேயும் இதே ஜெட் போதுமா?"

"மேல காத்து லேசு. கொஞ்சம் அடைச்ச மாதிரி போகும், பிளக் கறுக்கும். ஒரு நாளைக்குத்தானே, பயப்படாத. அங்கேயே தங்கிட்டா சொல்லு, ஒரு நம்பர் இறக்கிக்கலாம்."

எட்டரை மணிக்கு முடிச்சூர் சாலையில் போக்குவரத்து நெரிய ஆரம்பிக்கும்போது வண்டி ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் மெயின் ஜெட், பைலட் ஜெட் எண்களும் ஊசியின் காடியும் எழுதப்படுகின்றன. கழற்றிய சின்ன ஜெட், ஒரு காலித் தீப்பெட்டியில் மகனின் சட்டைப் பைக்குள் போகிறது. வீட்டு வாசலில் காத்திருந்த அப்பா கிக்கரை ஒரு முறை மெதுவாக இறக்கிப் பார்க்கிறார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொள்கிறது.