சிட்டி மறந்துபோனவை

ஷங்கர் இயக்கி ரஜினி நடித்த ‘எந்திரன்’ வந்தது 2010 அக்டோபர் 1. அதன் தொடர்ச்சியான ‘2.0’ வந்தது 2018 நவம்பர் 29. இந்த வாரம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். மனசில் பட்டதைப் பட்ட வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

*

முதல் படத்தில் எனக்கு முக்கியமான இடம் ரயில் சண்டை அல்ல, தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை எந்திர மனிதன் சிட்டி இருந்த கோலத்திலேயே தூக்கி வெளியே கொண்டுவருகிறான். உயிரைக் காப்பாற்ற வேண்டும், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெளியே கேமராக்கள் காத்திருக்கின்றன. அவள் கூனிக் குறுகி ஓடுகிறாள், சாலையில் அடிபட்டுச் சாகிறாள். சொன்ன வேலையைப் பிசகாமல் செய்தும் ஓர் உயிர் போய்விட்டது. ஏன் என்று சிட்டிக்கு விளங்கவில்லை. அவனை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரனுக்கு விளங்குகிறது. எந்திரத்துக்கு உணர்ச்சி வேண்டும் என்ற எண்ணத்துக்கு அங்கேதான் வலு வருகிறது. பின்னால் வரும் காதல், பொறாமை, அவனைக் கெட்டவனாக்கும் சிவப்புச் சிப் எல்லாமே அந்த வேரில் முளைத்தவை. தமிழில் அறிவியல் கதையை இவ்வளவு நேர்மையாகத் தொடங்கிய வணிகப் படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

*

வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் பெயர் இருக்கிறது, ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களோடு. படம் வெளிவந்தபோது சுஜாதா இல்லை. 2008 பிப்ரவரி 27இல் போய்விட்டார். வசீகரனின் காதலி சனாவைக் கடித்த கொசுவைச் சிட்டி தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைக்கும் காட்சியில் அவர் கை தெரிகிறது. அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ நாவலின் எந்திர நாய் ஜீனோவும் அப்படித்தான்: பார்க்க நாய்க்குட்டி, பேசினால் பெரிய மனுஷன். ஜீனோவைப் படித்து வளர்ந்தவர்களுக்குச் சிட்டி புது ஆள் இல்லை, சொந்தக்காரன்.

*

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ‘2.0’வை 3டியில் பார்க்கச் சேலம் போனோம். மஞ்சவாடி கணவாய் தாண்டும்போது போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அதற்கே பக்கத்து சீட்டுக்காரர் டவர்காரனைத் திட்டிக்கொண்டு வந்தார். அன்று மாலை திரையில், டவரில் தூக்கில் தொங்கிய கிழவரைப் பறவைகள் சூழ்ந்துகொண்டபோது அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அந்தக் கிழவரையும் நம்மையும் ஒரே கம்பி கட்டியிருக்கிறது என்று தோன்றியது.

*

அந்தக் கிழவர்தான் பட்சிராஜன். பறவையியலாளர் சாலிம் அலியை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் என்று பலரும் எழுதினார்கள். அக்‌ஷய் குமாருக்கு இது முதல் தமிழ்ப் படம். பறவைக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கி, வழக்குப் போட்டு, எங்கேயும் காது கொடுப்பாரில்லாமல் உடைந்துபோகும் அந்த முன்கதைதான் படத்தின் இதயம். ஜெயமோகன் வசனம் எழுதிய படம் என்பது அங்கே நன்றாகத் தெரிகிறது. நான் அழுத இடமும் அதுவே.

ஆனால் டவர் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்று படம் சொல்லும் விஞ்ஞானம் இடிக்கிறது. படம் வரும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அவர்களுக்கு அவர்கள் வியாபாரம், சரி. ஆனால் உண்மை என்ன என்பதை ரசிகனும் பார்க்க வேண்டும். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பை 2012இலேயே சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ராபின் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மின்காந்த இரைச்சலில் அவற்றுக்குத் திசை தடுமாறியது நிஜம். ஆனால் தொல்லை கொடுத்தவை ஏ.எம். வானொலி இயங்கும் கீழ் அலைவரிசைகள், செல்போன் அலைவரிசைகள் அல்ல. சிட்டுக்குருவி நாடு முழுக்க ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொன்னது.

எங்கள் ஆயா டிவியில் படம் பார்த்துவிட்டு, “ஏன்டா, நம்ம ஊட்டுக்குக் குருவி வராததுக்கு டவருதான் காரணமா?” என்று கேட்டது. “இல்ல ஆயா, ஓட்டைப் பிரிச்சிட்டுத் தளம் போட்டமே, கூடு கட்ட சந்து எங்க இருக்குது?” என்றேன். கடைத்தெருவில் இன்றும் ஷட்டர் பெட்டியின் இடுக்கில் குருவி வைக்கோல் சொருகுகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் கடைக்காரர் கையால் தட்டிச் சத்தம் கொடுப்பார், அது பறந்த பிறகுதான் தூக்குவார். குஞ்சுக்குப் புழு வேண்டும். வரப்பு வரை மருந்தடித்த காட்டில் புழு ஏது? பட்சிராஜன் இதைச் சொல்லியிருந்தால் படத்தின் கோபம் ஒரு துளியும் குறைந்திருக்காது.

*

இப்போது சிட்டி.

‘எந்திரன்’ முடிவில் நீதிமன்றம் அவனைப் பிரித்துப் போடச் சொல்கிறது. தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எல்லோரிடமும் விடைபெறுகிறான். சனாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவு பெரிய சாவு அது. ‘2.0’வில் செத்த பட்சிராஜன் செல்போன்களால் ஆன ராட்சதப் பறவையாக வர, எதிர்க்க ஆள் இல்லை என்றதும் அனுமதி வாங்கி அவனைத் திரும்பப் பூட்டுகிறார்கள். எழுந்து நிற்கிறான். கைதட்டல். நானும் தட்டினேன், ரஜினி ஆயிற்றே. ஆனால் தான் பிரிக்கப்பட்டதைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை. சனா போனில் வெறும் குரலாக வந்து போகிறாள். அவளுக்காக ஊரையே கொளுத்தத் துணிந்தவனுக்கு அந்தக் குரல் என்ன செய்யும் என்று படம் கேட்கவே இல்லை. உடம்பைத் தேடி எடுத்தவர்கள் மனசைத் தேடவில்லை. கதையை மறுபடி கிளப்புவதென்றால், பழைய காயம் அவன் மேல் தெரிய வேண்டாமா?

*

‘2.0’ கடைசியில் வரும் சிட்டியின் குட்டி ரோபோக்கள், 3.0. திரையரங்கில் குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள், அந்தச் சந்தோஷத்தை நான் குறைக்க மாட்டேன். ஆனால் என்ன செய்கின்றன அவை? புறாக்களின் மேல் ஏறி வந்து, புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று பட்சிராஜனை மிரட்டுகின்றன. பறவை மேல் வைத்த பாசத்தாலேயே அவர் தோற்கிறார். தீயில் புகுந்து உயிர் காத்த எந்திரத்தின் வாரிசு, புறாக்களின் உயிரைப் பணயம் வைத்து ஜெயிக்கிறது. சிட்டிக்கு இதில் ஒரு நொடி தயக்கம் வந்திருந்தால் போதும், இரண்டு படமும் ஒரே கதை ஆகியிருக்கும். அந்த ஒரு நொடி கிடைக்காத ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

*

நிலாவாக எமி ஜாக்சன்: துணைக்கு ஒரு பெண் ரோபோ, அவ்வளவே. 3டி மட்டும் பிரமாதம். பிறகு மாற்றியது இல்லை, 3டியிலேயே எடுத்தது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் போன்கள் சாலையில் அலையடித்துப் போகும் காட்சியை அந்தக் கண்ணாடியோடு பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

*

ஒரு சிக்கல் பாக்கி. ‘எந்திரன்’ கடைசிக் காட்சி 2030இல் நடக்கிறது. அருங்காட்சியகத்தில் சிட்டி பிரிந்து கிடக்கிறான், ஏன் இவனைப் பிரித்தார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதால் என்கிறான் அவன். ‘2.0’ கதை அதற்கு முன்பு நடப்பது என்றால், உலகத்தைக் காப்பாற்றிய பிறகும் சிட்டியை யாரோ இன்னொரு முறை கழற்றியிருக்க வேண்டும். யார் உத்தரவு போட்டது? இந்தத் தடவை அவன் தானாகக் கழன்றானா, மறுத்தானா? மூன்றாவது படம் எடுப்பதென்றால் ஷங்கர் எடுக்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.